போலீஸ் மாப்பிள்ளைக்கு நான் வைத்த பரீட்சை

நெய்வேலி,
செவ்வாய்க்கிழமை.

என் அக்காவைக் கட்டிய பாவத்துக்கு என்னையும் சேர்த்துச் சுமக்கும் குறிஞ்சிப்பாடி தனகோட்டி மாமா அவர்களுக்கு, மச்சினன் சடையப்பன் பணிந்து எழுதுவது. இங்கே நானும் என் பைக்கும் நலம். அங்கே அக்கா, பிரியா, உங்கள் கோபம், மூவரும் நலமா? போனில் 'போலீஸ்' என்றதுமே வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாது, அதனால் எழுதுகிறேன்.

"போலீஸ்காரன் எல்லாம் ஒரே அச்சுடா சடையா. தொப்பை, ஓசி டீ, கைய நீட்றது. எம்பொண்ண குடுக்க மாட்டேன்" என்றீர்கள். பிரியாவோ அந்தப் போலீஸ்கார இளம்பரிதியைத் தவிர வேறு யாருக்கும் கழுத்தை நீட்ட மாட்டேன் என்கிறது. வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வீட்டாருக்குப் பதில் சொல்லியாக வேண்டும். போட்டோவைக்கூட நீங்கள் கிழித்துப் போட்டுவிட்டதால், ஆளைப் பார்க்க நேற்று நானே மந்தாரக்குப்பம் போனேன். டீக்கடையில் கேட்டதற்கு, வடை போட்டுக்கொண்டே தெரு முக்கைக் காட்டினார்கள். அங்கே இரண்டு காக்கி. ஒருத்தர் நிழலில் நாற்காலி போட்டு, வயிற்றின் மேல் டீ டம்ளரை வைத்திருந்தார், மேஜையே தேவையில்லை. இன்னொருத்தர் கம்பி மாதிரி வெயிலில் நின்று லாரிகளை ஒதுக்கிக்கொண்டிருந்தார். நம் பிரியா தேடிய ஆள் இவர்தான் என்று முடிவுகட்டிப் பரீட்சையை ஆரம்பித்தேன். ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் மாட்டிக்கொண்டு அவர் முன்னால் போனேன், வந்தேன், போனேன். அவர் என்னை மடக்கிப் பிடிக்கவே இல்லை. நானே வண்டியை நிறுத்தினேன்.

"என்னைப் புடிங்க சார், ஹெல்மெட் இல்ல."

"கையில மாட்டிக்கினு கீறீங்களேண்ணே, தலையில போடுங்க."

பிறகு அதே டீக்கடைக்கு வந்து டீ குடித்தார், காசு கொடுத்தார், எனக்கும் சேர்த்து! இதெல்லாம் ஒரு போலீசா என்று எனக்கு ஆத்திரம். ஒரு நோட்டை அவர் பாக்கெட்டில் திணித்தேன். அவர் என் பாக்கெட்டில் திணித்தார். நான் திணிக்க, அவர் திணிக்க, அவர் சட்டைப் பட்டன் தெறித்து வடைச் சட்டியில் விழுந்துவிட்டது. தொப்பைக்காரர் எழுந்து வந்து என்னை ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

எஸ்.ஐ. அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "பொண்ணு வூட்டு தாய்மாமனா?"

"எப்படிங்கம்மா கண்டுபுடிச்சீங்க?"

"தாய்மாமனுங்க எல்லாருமே இப்படித்தான்யா. போன மாசம் ஒருத்தரு, மாப்பிள்ளைய சோதிக்கறேன்னு தன் சைக்கிளயே தானே திருடிக்கினு ஓடினாரு."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது மாமா. "அந்த லூசும் நானும் ஒண்ணாம்மா? எவனோ ஒருத்தன் பண்ணான்னு எல்லாரையும் சொல்லலாமா? இது நாயமா?" என்று கத்தினேன். ஸ்டேஷனே கைதட்டியது.

"இத அப்படியே உங்க மாமாகிட்ட சொல்லுய்யா" என்றார் எஸ்.ஐ. அம்மா.

சொல்லிவிட்டேன். தொப்பை இல்லை, ஓசி இல்லை, கை நீட்டவும் இல்லை. வெள்ளிக்கிழமை சரி என்று சொல்லிவிடுங்கள். அக்கா கையால் மீன் குழம்பு நீண்ட நாள் வாழ்க, அதை நீங்கள் எனக்கும் விட்டுவைத்து நூறாண்டு வாழ்க.

உங்கள் அன்பு மச்சினன்,
சடையப்பன்.

பின்குறிப்பு: கவரை ஒட்டும்போது பிரியா போன் செய்தது. நடந்ததைச் சொன்னேன், விழுந்து விழுந்து சிரிக்கிறது. கம்பி மாதிரி இருந்தவர் போலீசே இல்லையாம், ஊர்க்காவல் படை கோபாலகிருஷ்ணனாம், இரண்டு பிள்ளைக்குத் தகப்பனாம். மாப்பிள்ளை அந்தத் தொப்பைக்காரர். "போலீஸ்னா அப்படித்தான் மாமா இருப்பாங்க" என்று வெட்கப்படுகிறது. ஆகையால் மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடுங்கள், ஆனால் சரி என்றே சொல்லுங்கள். என்னை விட்டுவிடச் சொல்லி எஸ்.ஐ. அம்மாவிடம் கெஞ்சியது அவர்தான். போகும்போது டீயும் வாங்கிக் கொடுத்தார். ஓசிதான். ஆனால் நல்ல டீ மாமா.