கடிகாரம் நின்றால் நான் உன் ஆள்

கடிகாரக்காரர் இந்த வருஷம் எடுத்த முடிவு சாதாரண முடிவில்லை. உலகத்தில் எந்த மூலையில் கூடைப்பந்துக் கோப்பைக்காக இறுதி ஆட்டம் நடந்தாலும் சரி, முதல் விசிலிலிருந்து கடைசிப் பந்து கூடையில் விழுகிற வரை உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்காமல் பார்த்துவிடுவது. ஆண்கள் ஆடினாலும் பெண்கள் ஆடினாலும் சரி, மீசை முளைக்காத பையன்கள் ஆடினாலும் சரி, சக்கர நாற்காலியில் இருந்தபடி ஆடினாலும் சரி. ஒரு கண்டத்தையும் விடுவதில்லை. வருஷக் கடைசியில் உலகக் கோப்பை வருகிறது. அதையும் பார்த்து முடித்துவிட்டால் பல் டாக்டர் வாயை மூடிக்கொள்ளத்தான் வேண்டும்.

பல் டாக்டர் பக்கத்து வீட்டுக்காரர். வினையே அவரால் வந்ததுதான். கடைவாய்ப் பல்லைப் பிடுங்கப் போன இடத்தில், கடிகாரக்காரரின் வாய் நிறையப் பஞ்சை அடைத்துவிட்டு, போன வருஷத்து ஏதோ ஒரு கோப்பையின் கடைசி ஷாட்டைப் பற்றி ஆரம்பித்துவிட்டார். பந்து எப்படிக் கிளம்பியது, வளையத்தின் மேல் எப்படி உட்கார்ந்து யோசித்தது, எந்தப் பக்கம் விழுந்தது என்பதையெல்லாம் கையில் இடுக்கியோடு செய்து காட்டினார். “கூடைப்பந்துல கடைசி ஷாட்டைப் பார்க்காதவன் ஆட்டமே பார்க்காதவன் சார். நீங்க ஒண்ணாவது பார்த்திருக்கீங்களா?” என்று கேட்டார். பஞ்சோடு என்ன பதில் சொல்ல முடியும்? கடிகாரக்காரர் மண்டையை ஒரு மாதிரி ஆட்டினார். பல் போனதுகூட அவருக்கு வலிக்கவில்லை, அந்தக் கேள்விதான் வலித்தது. வீட்டுக்கு வந்து பஞ்சைத் துப்பிய கையோடு எடுத்ததுதான் இந்த முடிவு.

உண்மையைச் சொன்னால் அவர் அதுவரை ஒரு ஆட்டத்தைக்கூட முழுசாகப் பார்த்ததில்லை. கடையில் ஒரு கைக்கடிகாரத்துக்கும் அடுத்த கைக்கடிகாரத்துக்கும் நடுவில் ஃபோனில் துண்டு துண்டாக வெட்டி ஒட்டின காட்சிகளைப் பார்ப்பார். அதில் பந்து விழுந்துகொண்டே இருக்கும். யாரும் நிற்கமாட்டார்கள், மூச்சுக்கூட வாங்கமாட்டார்கள். கூடைப்பந்து என்றால் இவ்வளவுதான் என்று அவரும் நம்பிவிட்டார்.

இனி வீட்டில் அனுமதி வாங்க வேண்டும். அங்கேதான் சிக்கல். அவர் சோபாவில் சாய்ந்த மறு நிமிஷம் மனைவிக்கு ஏதாவது ஒரு வேலை ஞாபகம் வந்துவிடும். அவள் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள், நல்ல உயரம். மேல்தட்டில் இருக்கிற மருந்தை எடுக்க அங்கே ஏணியைத் தேடமாட்டார்கள், அவளைத்தான் கூப்பிடுவார்கள். கடிகாரக்காரர் அவள் தோளுக்கு வருவார், அதுவும் செருப்புப் போட்டிருந்தால்.

அவள் சமையலறையில் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தபோது அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். மேட்ச் நடக்கும்போது யாரும் கூப்பிடக்கூடாது, மொத்தமே நாற்பது நிமிஷ ஆட்டம் என்றார்.

“அப்ப வீட்டு வேலை?” என்றாள் அவள்.

இதற்கு அவர் தயாராகத்தான் வந்திருந்தார். “டிவி மூலைல ஒரு கடிகாரம் ஓடும். அது ஓடுற வரைக்கும் நான் ஆட்டத்தோட. அது நின்னா நான் உன் ஆள். என்ன சொன்னாலும் எழுந்து செய்றேன்.”

அவள் சீவின தோலை உருட்டி, திரும்பிப் பார்க்காமலேயே, அறையின் அந்தக் கோடியில் இருந்த குப்பைக்கூடைக்குள் போட்டாள். “அது எப்பெல்லாம் நிக்கும்?”

“எப்பவாவது நிக்கும். ஓடத்தானே கடிகாரம்? எனக்குத் தெரியாதா?”

“உங்களுக்குத் தெரியாததா” என்றாள். பேச்சு மாறக்கூடாது என்றும் ஒரு வார்த்தை போட்டுவைத்தாள். அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இத்தனை வருஷத் தொழிலில் நின்ற கடிகாரத்தை ஓடுகிறது என்று யாரிடமும் சொன்னதில்லை, ஓடுகிறதை நின்றுவிட்டது என்று சொல்லிப் பிழைத்ததும் இல்லை, கடிகாரத்து விஷயத்தில் தன் வாயில் பொய் வராது என்று நெஞ்சைத் தட்டிச் சொன்னார். அவள் சரியென்று தலையாட்டினாள்.

முதல் கோப்பை, ஏதோ ஒரு கண்டத்துக் கிளப்புகளுக்கானது. கடிகாரக்காரர் முகம் கழுவி, சட்டை மாற்றிக்கொண்டு உட்கார்ந்தார். நடுவர் பந்தை மேலே வீசினார். இரண்டு பேர் எழும்பினார்கள். ஒருவன் கையை இன்னொருவன் தட்டினான். விசில் அடித்தது, கடிகாரம் நின்றது.

“என்னங்க.”

குளியலறைக் குழாய் சொட்டுகிறதாம். சரி, ஒன்றுதானே என்று எழுந்து போனார். வந்து உட்கார்ந்தார். பந்து கோட்டைத் தாண்டியது. விசில். ஜன்னல் கொக்கி. மறுபடி உட்கார்ந்தார். ஒருவன் ஷூ லேஸ் கட்டக் குனிந்தான், இன்னொருவன் வந்து இடித்தானோ என்னமோ, விசில். அலமாரிக் கதவு. கடிகாரம் ஓடுவதைவிட நிற்பதுதான் அதிகம் என்பது பாதி ஆட்டத்துக்குள் அவருக்குப் புரிந்துவிட்டது. கடைக்குப் பழுதுக்கு வருகிற கடிகாரம்கூட இவ்வளவு மோசமில்லை.

ஆனாலும் கடைசி இரண்டு நிமிஷத்தை நம்பினார். இரண்டே நிமிஷம், மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்துவிடலாம் என்று நினைத்தார். அந்த இரண்டு நிமிஷம் எப்படிப்பட்டது என்று அவருக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்? பந்து கூடையில் விழுந்தாலும் கடிகாரத்தை நிறுத்துகிறார்கள். ஒரு பயிற்சியாளர் டைம்-அவுட் கேட்கிறார், அவர் முடித்தால் அடுத்தவர் கேட்கிறார். நடுவர்கள் கூடிக்கூடி ஒரு சின்னத் திரையைப் பார்க்கிறார்கள். அந்த இரண்டு நிமிஷத்துக்குள் கடிகாரக்காரர் சமையலறைக் கழுவுதொட்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து அடைப்பு எடுத்து முடித்தார். முன்னறையிலிருந்து ஊரே கூரை பிய்ந்துபோகிற மாதிரி கத்துகிற சத்தம் வந்தது. அவர் எழுந்து ஓடி வந்தபோது திரையில் ஆட்டக்காரர்கள் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தார்கள்.

மறுநாள் மதில் மேலாகப் பல் டாக்டர் எட்டிப் பார்த்து, கடைசி ஷாட் எப்படி என்று கேட்டார்.

“சத்தம் நல்லா இருந்துது” என்றார் கடிகாரக்காரர்.

மனுஷன் அதோடு விட்டுவிடவில்லை. விட்டுவிடுகிற ஆளாக இருந்தால் துருப்பிடித்த சுவர்க்கடிகாரத்தோடு வருஷக்கணக்கில் மல்லுக்கு நிற்க முடியுமா? அடுத்தது பெண்கள் கோப்பை. டிவி மூலையில் கடிகாரம் வருகிற இடத்தில் கறுப்பு டேப்பை ஒட்டிவைத்தார். தெரிந்தால்தானே நின்றதா ஓடுகிறதா என்ற பேச்சு. மனைவி வாசலைக் கடந்து போகிறபோது, விசில் கேட்கிறதே என்றாள். ஒலியை நிறுத்தினார். அடுத்த தடவை துணி மடித்தபடியே வந்தவள், “நடுவர் கையைத் தூக்கிட்டாருங்க. கை மேல போனா கடிகாரம் நின்னாச்சு” என்றாள். உனக்கெப்படித் தெரியும் என்று கேட்டார். அப்படித்தான் இருக்கும்னு தோணிச்சு என்று சொல்லிவிட்டுத் துணிகளை அவர் மடியில் வைத்தாள். அவருக்கும் நியாயமாகத்தான் பட்டது.

இப்படியே ஒவ்வொரு கண்டமாகப் போயிற்று. ஒரு கண்டத்துக் கோப்பை முடிவான நேரத்தில் அவர் தண்ணீர்த் தொட்டிக்குள் இருந்தார். இன்னொன்று முடிவானபோது ஏணியில். சக்கர நாற்காலி ஆட்டத்தில் மனசு உருகி, நாற்காலியோடு சாய்ந்து விழுந்த ஆட்டக்காரர் தானே நிமிர்ந்து பந்தை வாங்கியதைப் பார்த்துக் கண் கலங்கியே போனார். அந்தக் கண்ணைத் துடைக்கிறதற்குள் டைம்-அவுட் வந்துவிட்டது, பரணுக்கு ஏறவேண்டியதாயிற்று. ஒரு ஆட்டம் சமநிலையில் முடிந்து கூடுதல் நேரம் கொடுத்தார்கள். அடடா, பிழைத்தோம் என்று அவர் குதித்தார். மனைவி மிக்ஸியைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள்.

ஒன்று மட்டும் அவர் கவனித்தார். எப்போது அரக்கப்பரக்க ஓடி வந்தாலும் அவருடைய சோபாவில் மனைவி உட்கார்ந்திருப்பாள். காலை நீட்டி, குஷனை முதுகுக்கு வைத்துக்கொண்டு. அவரைக் கண்டதும் எழுந்து இடம் கொடுப்பாள். பாவம், கடையில் நாள் பூரா நிற்கிறவள், கொஞ்சம் உட்காரட்டும் என்று அவரும் நினைத்துக்கொண்டார்.

பல் டாக்டர் ஒவ்வொரு தடவையும் மதிலுக்கு வந்தார். வருஷம் முழுக்க ஒரு கடைசி ஷாட்டைக்கூட அவரிடம் சொல்ல முடியவில்லை. பாக்கி இருந்தது உலகக் கோப்பை ஒன்றுதான். அது போனால் எல்லாம் போச்சு.

கடிகாரக்காரர் கடையில் லென்ஸைக் கண்ணில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்து யோசித்தார். அவளுக்கு வேலை இருப்பதால்தானே கூப்பிடுகிறாள்? வேலையே இல்லாமல் செய்துவிட்டால் கடிகாரம் நின்றால் என்ன, செத்தால் என்ன? நேராக வீட்டுக்கு வந்து, பாக்கி இருக்கிற வேலை அத்தனையும் இப்போதே சொல் என்று கேட்டார். அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. யோசித்து யோசித்துச் சொன்னாள்.

அந்த மாதம் அவர் உழைத்த உழைப்பைக் கடையில் உழைத்திருந்தால் பக்கத்துக் கடையையும் வாங்கியிருப்பார். முன்னறைக்கு வெள்ளையடித்தார். ஆடிக்கொண்டிருந்த நாற்காலிகளுக்கெல்லாம் பசை வைத்து இறுக்கினார். மூலையில் கிடந்த பெஞ்சைத் தேய்த்து மெருகு போட்டார். டிவியை இன்னும் கொஞ்சம் மேலே மாட்டச் சொன்னாள், பின்னால் உட்காருகிறவர்களுக்கும் தெரிய வேண்டுமாம். பின்னால் யார் உட்காரப்போகிறார்கள் என்று கேட்டதற்கு, யாராவது வந்தால் என்றாள். அதையும் மாட்டினார். கடைசி நாள் கையைத் தட்டிவிட்டு, இன்னும் ஏதாவது உண்டா என்று கேட்டார். அவள் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

“வீட்டுல ஒரு வேலையும் இல்ல” என்றாள். அதைக் கேட்கிறபோது அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

உலகக் கோப்பை இறுதி ஆட்டம் ஒரு விடுமுறை நாள் சாயங்காலம். கடிகாரக்காரர் சோபாவின் நட்டநடுவில் உட்கார்ந்தார். பந்து மேலே போயிற்று. விசில் அடித்தது. பழக்கதோஷத்தில் பாதி எழுந்து மனைவியைப் பார்த்தார். ஒண்ணுமில்ல, பாருங்க என்றாள். மறுபடி விசில். மறுபடி ஒண்ணுமில்ல. ஆகா, கூடைப்பந்து எவ்வளவு நல்ல விளையாட்டு! நிற்கிற கடிகாரத்தைக்கூட ரசித்துப் பார்த்தார். அப்போதுதான் வாசல் மணி அடித்தது.

ஒரு அம்மா தலையைக் குனிந்துகொண்டு நிலைப்படியைக் கடந்து வந்தாள். அவள் பின்னால் இன்னொருத்தி, அவளும் குனிந்துதான் வந்தாள். ஒருத்தி பின் ஒருத்தியாக வந்துகொண்டே இருந்தார்கள், எல்லோரும் நெட்டை. முன்னால் வந்தவள் மனைவியைக் கட்டிக்கொண்டு, “கேப்டன், வீட்டை எவ்வளவு அழகா வெச்சிருக்கே” என்றாள்.

“கேப்டனா?” என்றார் கடிகாரக்காரர்.

“உங்களுக்குத் தெரியாதா அண்ணே? காலேஜ்ல எங்க டீமுக்கு இவதான் கேப்டன். கடைசி ஷாட் எப்பவும் இவ கைலதான்.”

அவர் மனைவியைப் பார்த்தார். குப்பைக்கூடையில் தவறாமல் விழுந்த உருளைக்கிழங்குத் தோல், நடுவரின் கை, சோபாவில் நீட்டின கால் எல்லாம் அவர் கண்முன்னால் வரிசையாக வந்து நின்றன. “ஏன் சொல்லல?” என்று கேட்டார்.

“கடிகாரம் எப்பெல்லாம் நிக்கும்னு உங்களைத்தான் கேட்டேனே. எப்பவாவதுன்னீங்க. தெரிஞ்சவர் சொல்றார்னு விட்டுட்டேன்.”

அதற்குள் சோபா நிரம்பிவிட்டது, பசை வைத்த நாற்காலிகளும் மெருகு போட்ட பெஞ்சும் நிரம்பிவிட்டன. கடிகாரக்காரர் பின்னால் போய் நின்றார். டிவியை மேலே மாட்டியிருந்ததால் அங்கிருந்தும் நன்றாகவே தெரிந்தது. பரவாயில்லை, நின்றே பார்ப்போம், எது போனாலும் அந்தக் கடைசி ஷாட்டை இன்று விடுவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டார். விசில் அடித்தது.

“என்னங்க. எல்லாருக்கும் டீ.”

“வேலை ஒண்ணும் இல்லன்னியே.”

“வீட்டு வேலை இல்ல. இது வந்தவங்க வேலை.”

போனார். ஆனால் அவரும் இந்த ஒரு வருஷத்தில் சும்மா அடிபடவில்லை. கடிகாரம் நிற்கிற நேரத்தில் தண்ணீர் வைத்தார், ஓடுகிற நேரத்தில் வந்து பார்த்தார். நிற்கிறபோது வடிகட்டினார், ஓடுகிறபோது வந்தார். கடைசி இரண்டு நிமிஷத்தில் ஒரு டைம்-அவுட்டில் சர்க்கரை போட்டார், இன்னொரு டைம்-அவுட்டில் சர்க்கரை வேண்டாதவளுக்குத் தனியாக எடுத்தார். சில நொடிகள்தான் பாக்கி, ஒரு புள்ளி வித்தியாசம். கொதிக்கக் கொதிக்க டீ நிறைந்த தட்டைத் தூக்கிக்கொண்டு சரியான நேரத்துக்கு முன்னறைக்கு வந்து சேர்ந்துவிட்டார். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தார். திரையில் ஒருவன் பந்தோடு எழும்பினான். பந்து கையை விட்டுக் கிளம்பியது.

முன்னால் உட்கார்ந்திருந்த அத்தனை நெட்டை அம்மாக்களும் ஒரே சமயத்தில் எழுந்து நின்றார்கள்.

கடிகாரக்காரர் இடது பக்கம் எட்டினார், முதுகு. வலது பக்கம் எட்டினார், அங்கேயும் முதுகு. குதித்திருப்பார், கையில் டீ. வீடே அதிரக் கத்தினார்கள். அவர்கள் உட்கார்ந்தபோது திரையில் காகிதத் துண்டுகள் பறந்துகொண்டிருந்தன.

ஒரு வருஷத்து வைராக்கியத்தையும் தட்டையும் சேர்த்து மேஜையில் வைத்தார். எல்லோரும் டீ குடித்துக் கிளம்பிப் போனார்கள். மனைவி எச்சில் டம்ளர்களைக் கண்ணால் காட்டினாள்.

“அதெல்லாம் முடியாது” என்றார் அவர் நிமிர்ந்து நின்று. “மேட்ச் முடிஞ்சாச்சு, கோப்பையும் கொடுத்தாச்சு. நம்ம பேச்சும் அதோட முடிஞ்சுது.”

“பேச்சு மேட்ச்சைப் பத்தி இல்லையே. கடிகாரத்தைப் பத்தித்தானே?” என்றாள் அவள். “டிவியை நல்லாப் பார்த்துச் சொல்லுங்க. கடிகாரம் ஓடுதா, நிக்குதா?”

கடிகாரக்காரர் டிவி மூலையைப் பார்த்தார். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் பூஜ்யம்.

“நிக்குது” என்று சொல்லிவிட்டு, டம்ளர்களைப் பொறுக்க ஆரம்பித்தார்.