ஊதல் அண்ணனின் வெள்ளைக்காரத் துப்பாக்கி

ஊதிப் பார்க்காமல் எந்தப் பொருளையும் நம்பாத மனிதர் மலேசியாவின் கிள்ளான் வட்டாரத்திலேயே ஒருவர்தான்: காப்பார் சாலையில் மோட்டார் பட்டறை வைத்திருக்கும் ஊதல் அண்ணன். கார்புரேட்டர் ஜெட்டை வாயில் வைத்து ஊதி அடைப்புப் பார்ப்பது எல்லா மெக்கானிக்கும் செய்வதுதான். இவரோ மகள் கல்யாணத்துக்கு வந்த நாதஸ்வரத்தையே வாங்கி ஊதிப் பார்த்துவிட்டுத்தான் வித்வானை உட்காரவிட்டார்.

போன ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் பழைய சாமான் சந்தையிலிருந்து ஒரு துணிப்பொட்டலத்தோடு வந்தார்; மோட்டார் சைக்கிளைப் பழுதுபார்க்க விட்டிருந்த நான் பட்டறையில் இருந்தேன். பிரித்தால் கைத்துப்பாக்கி! மரப்பிடி, பித்தளைப் பூண், குழாயெல்லாம் துரு.

"அண்ணே, நெஜத் துப்பாக்கியா?"

"வெள்ளக்காரன் காலத்து அசல், தம்பி. ஊதிப் பாத்துட்டேன், காத்தே போவல. உள்ள அவ்ளோ துரு. எவ்ளோ பழசுன்னு பாத்துக்க லா!"

உரிமம் இல்லாத துப்பாக்கிக்கு ஜெயிலும் உண்டு, ரோத்தான் பிரம்படியும் உண்டு. கொசு கடித்தாலே ஊரைக் கூட்டும் மனுஷன், ரோத்தானைத் தாங்குவாரா? போலீசில் ஒப்படைத்துவிடுங்கள் என்று கெஞ்சினேன். அவரோ அதை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டார்.

பூஜையன்று பட்டறைக்குள் நுழைந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். ஸ்பேனர், சுத்தியலுக்கு நடுவில் துப்பாக்கி. சந்தனம், குங்குமம், தலையில் ஒரு செவ்வந்திப்பூ வேறு.

"அண்ணே, ஒங்களுக்குக் கிறுக்கா?"

"வருஷா வருஷம் ஸ்பேனருக்கே பொட்டு வச்சா ஆச்சா? இது சும்மா கெடக்கவா?"

அந்த நேரம் பார்த்து, புது மோட்டார் சைக்கிளுக்கு எலுமிச்சம்பழம் நசுக்க வந்தார் பக்கத்துத் தெரு போலீஸ் சார்ஜன்ட், யூனிபாரத்தோடு. நான் வாழையிலையை இழுத்து மூடுவதற்குள் துப்பாக்கி அவர் கையில்.

"யாருது இது?"

"என்னோடதுதான்! ஊதிப் பாத்தேன், காத்தே போவல, அவ்ளோ பழசு!" என்றார் அண்ணன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. முருகா, போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

சார்ஜன்ட் குழாய் முனையில் டார்ச் அடித்துப் பார்த்தார். விசையை இழுத்தார், அசையவில்லை. பிறகு குபீரென்று சிரித்தார்.

"காத்து எப்படிண்ணே போவும்? ஓட்டையே இல்ல, முழு இரும்பு! செவத்துல மாட்டுற சாமான் லா. ஆனா போலித் துப்பாக்கியும் வச்சிருக்கக் கூடாது. இப்பவே அறுத்துப் போடுங்க."

அண்ணன் அங்கேயே அறுத்தார். "ஏமாந்துட்டேனே தம்பி" என்று அவர் புலம்ப, கிரீஸ் சட்டையோடு அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நான் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

மிஞ்சிய மரப்பிடி இப்போது அவருடைய ஸ்குரூடிரைவருக்குக் கைப்பிடி. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் பட்டறை வாசலில் மோட்டாரை மெதுவாக்குவேன். உள்ளேயிருந்து 'ஃபூ' என்று சத்தம் வரும். மனுஷன் இருக்கிறார், அது போதும் எனக்கு.