நமக்குள்ளயே இருக்கட்டும், மாமா

கந்தப்பளை,
ஞாயிற்றுக்கிழமை.

மரியாதைக்குரிய சம்பந்தி சின்னத்தம்பி அவர்களுக்கு, ஓய்வுபெற்ற கங்காணி வீரய்யா வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே மழை, பனிமூட்டம், அட்டைக்கடி நீங்கலாக எல்லோரும் சுகம். தலவாக்கலையில் தாங்களும் சம்பந்தியம்மாவும் அட்டைக்கடியும் இல்லாமல் சுகமாக இருக்க முருகன் துணை. காரியம் என்னவென்றால், வருகிற வியாழனுக்குள் வந்து தங்கள் மகள் தனுஷிகாவைக் கொஞ்ச நாளைக்குத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போகவும். போனில் சொல்லாமல் ஏன் காகிதம் எடுத்தேன் என்பது கீழே விளங்கும்.

பதற வேண்டாம். பிள்ளையிடம் குறை ஒன்றும் இல்லை. சமைக்கிறாள், சிரிக்கிறாள், என் மகன் கிஷாந்த் கொழும்பிலிருந்து போன் எடுத்தால் எனக்கும் பேசக் கொடுக்கிறாள். டவுனில் மனநலப் பயிற்சி என்று ஒரு வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கி வந்தாளே, அன்றைக்குப் பிடித்தது சனி. சான்றிதழ் வாங்கியவள் யாருக்காவது வைத்தியம் பார்க்க வேண்டும் அல்லவா? தேயிலைத் தோட்டத்தில் வேறு யாரும் அகப்படவில்லை, நாங்கள் அகப்பட்டோம். சாமிப் படத்துக்குப் பக்கத்தில் ஒரு மூஞ்சி அட்டையை மாட்டியிருக்கிறாள். சிரிக்கிற மூஞ்சி, அழுகிற மூஞ்சி, கோப மூஞ்சி. விடிந்ததும் அவரவர் மனநிலையைத் தொட்டுக் காட்டினால்தான் தேத்தண்ணி. என் மனைவி அம்மாக்கண்ணு கோப மூஞ்சியைத் தொட்டுவிட்டு, அதே விரலை என் பக்கம் நீட்டினாள். அதுகூடப் போகட்டும். கோபம் வந்தால் இனித் திட்டக்கூடாதாம், மூச்சை இழுத்து விட வேண்டுமாம். கல்யாண நாளிலிருந்து சேர்த்து வைத்த கோபமாயிற்றே! அவள் இழுத்த இழுப்பில் பக்கத்து வீட்டுச் சோலைமலை தைலப் போத்தலோடு ஓடி வந்து, "அக்காவுக்கு இழுப்புங்களா? டிஸ்பென்சரிக்குத் தூக்கிட்டுப் போவமா?" என்கிறான். முன்பெல்லாம் திட்டி முடித்த கையோடு சோறு போடுவாள். இப்போது அவள் மூச்சு அடங்கும்வரை நான் பசியோடு உட்கார்ந்திருக்கிறேன்.

இதற்கெல்லாம் மேலே, வியாழக்கிழமை விளக்கு வைத்ததும் மனம்விட்டுப் பேசும் நேரமாம். வட்டமாக உட்கார வேண்டுமாம். மூன்று பேரை வைத்துக்கொண்டு எங்கிருந்து வட்டம் போடுவது? "இங்க பேசுறது எதுவும் வெளிய போகாதுங்க. நமக்குள்ளயே இருக்கட்டும், மாமா" என்கிறாள். சம்பந்தி, வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடு தாங்கள் அறியாததா? நடுச்சுவர் கூரையைத் தொடாது. இங்கே பிள்ளை தும்மினால் அங்கே 'நூறு' என்பார்கள். இதில் இவளுக்கு இரகசியம்!

போன வியாழன் என்னைப் பிடித்துக்கொண்டாள். "வேலய விட்டதுக்கப்புறம் மனசுக்கு எப்பிடி இருக்குங்க மாமா?"

"எனக்கென்ன? ராசா மாதிரி இருக்கேன்."

"பொய்யிங்க!" என்றது சுவர். சோலைமலைதான், வேறு யார்? "தெனம் விடியக்காத்தால ஆளுங்க கூடுற பெரட்டுக் களத்துல போயி நிக்கிறாரு. நேத்து அந்தப் புதுக் கங்காணிப் பய, 'பெருசு, ஓரமா நில்லுங்க, வேலைக்கிப் பேரு கூப்புடணும்'னுட்டான். ஓரமா நின்னு கடைசிப் பேரு வரைக்கும் கேட்டுட்டுத்தான் வந்தாருங்க."

 யாராவது சிரித்திருந்தால்கூட மன்னித்திருப்பேன். அம்மாக்கண்ணு சிரிக்கவில்லை, மூச்சும் இழுக்கவில்லை. "நீங்க கடைக்கிப் போறீங்கன்னுல்ல நெனச்சேன்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுத் தன் தேத்தண்ணியை என் டம்ளரில் ஊற்றினாள். என் கண் கலங்கியது உண்மை. அடுப்புப் புகை என்று அங்கேயே அறிவித்துவிட்டேன். "ஆமாங்க, பொகதான்" என்று சுவரும் ஒத்துக்கொண்டது.

ஒரு மலை முழுவதும் ஆட்களை அதட்டி வேலை வாங்கியவன் நான். ஒரு மூஞ்சி அட்டைக்குக் கைகட்டிப் பதில் சொல்ல வேண்டுமா? பிள்ளையை அழைத்துப் போய், அந்த வித்தையைத் தலவாக்கலை வீட்டில் தங்கள் மீதே காட்டச் சொல்லவும். அப்போது தெரியும்.

சம்பந்தியம்மாவுக்கு அம்மாக்கண்ணுவின் அன்பான விசாரிப்பு, ஒரு நீண்ட மூச்சுடன். வீட்டில் சிறுசுகள் எல்லோருக்கும் என் ஆசிகள்.

இப்படிக்கு,
மனம்விட்டுப் பேச மறுக்கும்
வீரய்யா

பி.கு.: காகிதத்தை மடிக்கப் போனபோது ஒன்று உறைத்தது. கல்யாணச் சீராகத் தாங்கள் கொடுத்த கேஸ் அடுப்பு வந்த நாள் முதல் எங்கள் வீட்டில் புகை என்பதே இல்லை. அது அம்மாக்கண்ணுவுக்குத் தெரியும், தங்கள் மகளுக்குத் தெரியும், சோலைமலைக்கும் தெரியும். தெரிந்தும் ஒருவரும் காட்டிக்கொடுக்கவில்லை. ஆகவே பிள்ளையை அழைத்துப் போக வேண்டாம். வியாழனன்று எனக்கு இன்னும் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. சும்மா பார்க்க வருவதானால் வெள்ளிக்கிழமையன்று முதல் பஸ்ஸிலேயே வாருங்கள். விடியற்காலையில் நான் வீட்டில்தான் இருப்பேன்.