அட்டை தடவும் ஆசான்

அரங்கம் நிரம்பி வழிந்தது. வந்தவர்கள் சாமானியர்களா என்ன? மனிதர்கள் ஏன் சிகரெட்டை விடுவதில்லை, மாத்திரையை ஏன் மறக்கிறார்கள் என்று ஐந்தாறு வருடம் ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்கியவர்கள். ஊரார் மனதையெல்லாம் அளந்து முடித்தாயிற்று. தங்களுக்கு என்ன வேலை என்பதுதான் தெரியவில்லை.

அதைச் சொல்லத்தான் மேடையில் ஆசான் வீற்றிருந்தார். ஆய்வேட்டைத் திறக்கமாட்டார். அட்டையைத் தடவுவார், கண்ணை மூடுவார். பேராசிரியரா, மருத்துவமனையா, கம்பெனியா, அரசாங்கமா? பளிச்சென்று சொல்லிவிடுவார். படிக்காமலே கருத்துச் சொல்வது ஆய்வேட்டை மதிப்பிடும் குழுவுக்கும் கைவந்த கலைதான். ஆனால் அவர்கள் கண்ணைத் திறந்துகொண்டு செய்வார்கள்.

முன்வரிசையில் அக்காவோடு உட்கார்ந்திருந்த சின்னவளுக்குப் போன வாரமே ஆசானின் வாக்கு வந்துவிட்டது. புகைப்பழக்கத்தை விடவைக்கும் அரசு மையத்தில் அவளுக்கு வேலை தயார்; இன்று மாலை ஐந்துக்குள் சம்மதம் சொல்ல வேண்டும். "அந்தப் படி ஏறாதே, அட்டை சுடுது" என்றிருந்தார் ஆசான். அவரிடமே ஆறு மாதம் 'பாதை திறப்புப் பயிற்சி' எடுத்தால் பேராசிரியர் நாற்காலி தேடி வருமாம்.

"எனக்குக் கடிதம் வந்தது அவருக்கு எப்படிக்கா தெரியும்?"

பக்கத்தில் இருந்த அக்கா, வாசலில் கொடுத்த படிவத்தை மும்முரமாக நிரப்பிக்கொண்டிருந்தாள்.

"இதை நீயும் எழுதிக் கொடுத்தியாடி? வேலைக் கடிதம் வந்திருக்கா, வீட்ல யார் தடுக்கிறாங்கன்னு கேட்டிருக்கே?"

"அது சும்மா வழக்கமா கேக்குறதுக்கா."

ஆயிரம் பேருக்குப் படிவம் நீட்டியே பட்டம் வாங்கியவள் சின்னவள். தான் நிரப்பிய படிவம் மட்டும் கண்ணில் படவில்லை.

படிவத்தைக் கொடுத்தனுப்பிய கொஞ்ச நேரத்தில் அக்கா முறை வந்தது. தங்க எழுத்து மின்னும் கறுப்பு அட்டையை ஆசான் தடவினார்.

"மூணாவது அத்தியாயத்துல ரொம்பத் திண்டாடிட்டே, மகளே."

"அடேங்கப்பா!" என்றது கூட்டம்.

"வெளிநாட்டுக் கடிதம் வந்திருக்கு. அப்பா கூடப் பிறந்த அத்தை குறுக்கே நிக்கிறாங்க. கல்யாணம் தள்ளிப்போகுது."

அக்கா மைக்கை வாங்கினாள். "எனக்குக் கல்யாணமாகி ரெண்டு பிள்ளைங்க, சாமி. எங்கப்பா ஒத்தைப் பிள்ளை, அத்தைக்கு எங்க போவேன்? அத்தனையும் படிவத்துல நான் விட்ட ரீலு. ஆய்வேட்டுக்கு அட்டை போடுற கடைக்காரி நான். எங்கே, அந்த மூணாவது அத்தியாயத்தைக் காட்டுங்க."

அவளே வாங்கிப் பிரித்தாள். இருநூறு பக்கமும் வெள்ளைத்தாள்.

"நம்பிக்கை இல்லாதவங்ககிட்ட அட்டை பேசாது..."

"இப்பத்தானே அத்தை வரைக்கும் பேசுச்சு!" என்றது பின்வரிசை. யாரோ மேசைத்துணியைத் தூக்கினார்கள். ஆசான் முழங்காலருகே அத்தனை பேர் படிவமும், வரிசை எண்ணோடு. அவர் பக்கவாட்டுக் கதவைத் தடவிக் கண்டுபிடித்து வெளியேறினார்.

மணி நாலு ஐம்பது. சின்னவள் வராந்தாவுக்கு ஓடிப் போன் போட்டாள். "சம்மதம் சார். திங்கட்கிழமையே சேர்ந்துடறேன்."

திரும்பி வந்தால், பத்துப் பன்னிரண்டு முனைவர்கள் அக்காவைச் சூழ்ந்து நிற்கிறார்கள்.

"அம்மா, நீங்களே சொல்லுங்க. எனக்கு எந்த வேலை அமையும்?"

அக்கா அவர்களை மேலும் கீழும் பார்த்தாள். "கழுத்துக்கு மேல ஒண்ணு இருக்கே, அதை எதுக்கு வச்சிருக்கீங்க? பட்டமளிப்புத் தொப்பி மாட்டவா?"