நேர்கோட்டில் நானூறு மீட்டர்

அன்புள்ள மைத்துனருக்கு,

இங்கு நானும் தங்கள் அக்காவும் உயிரோடு இருக்கிறோம். தாங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள். பிறரை அலையவிடுகிறவர்களுக்கு உடம்புக்கு ஒன்றும் வருவதில்லை.

தாங்கள் பார்த்துக் கொடுத்த வீட்டைப் பற்றித்தான் இந்தக் கடிதம். அக்காவுக்கு முழங்கால் வலி, வேலை செய்கிற ரொட்டி ஆலைக்குப் பக்கத்தில் வீடு கிடைத்தால் நடந்தே போய்விடுவாள் என்று நான் சொன்னதும், பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்துகிற தாங்கள் கைப்பேசியில் வரைபடத்தை விரித்து, வீட்டின் மேல் ஒரு விரலும் ஆலையின் மேல் ஒரு விரலும் வைத்து, "நானூறு மீட்டர், வடகிழக்கு. கண்ணை மூடிக்கிட்டு அட்வான்ஸ் குடுங்க மாமா" என்றீர்கள். நானும் கண்ணை மூடினேன். சாமான்களை இறக்கிய பிறகுதான் திறந்தேன். இரண்டுக்கும் நடுவே ஒரு சரக்கு ரயில் யார்டு படுத்திருக்கிறது. ஆள் உயரத்துக்கு மேல் சுவர், சுவர்மேல் முள்கம்பி. சாலையில் சுற்றிப் போனால் நாலு கிலோமீட்டர்.

போன் செய்து கேட்டால், "அது தூரம் மாமா. நான் சொன்னது இடப்பெயர்ச்சி. தூரம்னா போன வழி முழுக்க. இடப்பெயர்ச்சின்னா கிளம்பின இடத்துக்கும் போய்ச் சேர்ந்த இடத்துக்கும் நடுவுல நேர்கோடு, திசையோட. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க" என்று எனக்கே பாடம். குழப்பிக்கொண்டவன் நானா? உன் அக்காவுக்கு என்ன இறக்கையா முளைத்திருக்கிறது? (தாங்கள், நீங்கள் எல்லாம் இத்தோடு போதும். கை வலிக்கிறது.)

நேர்கோட்டில் வரவேண்டியதெல்லாம் ஒழுங்காக வந்துவிடுகிறது. ரொட்டி வாசனை படுக்கையறைக்கே வருகிறது, ஆலைச் சங்கு காதுக்குள் வந்து ஊதுகிறது, போகவேண்டியவள்தான் போய்ச்சேர முடியவில்லை. முதல் வாரம் இரண்டு பஸ் மாறிப் போனாள், தினமும் தாமதம். சூப்பர்வைசர் அவளை ஜன்னலண்டை கூப்பிட்டு, "அதோ, உங்க வீட்டுக் கொடியில துணி காயறது இங்கேருந்தே தெரியுது. அங்கேருந்து வர இவ்வளவு நேரமா? யார் காதுல பூ சுத்தறீங்க? இன்னொரு தடவை லேட்டானா வேற ஆளைப் போட்டுக்கறேன்" என்றானாம். அழுதுகொண்டே வந்தாள். அப்போதும் உன்னை ஒரு வார்த்தை சொன்னாளா? "என் தம்பி கணக்கு தப்பாகாது" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அன்றிலிருந்து, ஓய்வு பெற்று ஓய்ந்து கிடந்த என் ஸ்கூட்டரில் நான்தான் அவளைக் கொண்டுபோய் விட்டுக் கூட்டி வருகிறேன். வழியெல்லாம் உன்னைத்தான் வைதுகொண்டு போகிறேன், சிக்னலில் பக்கத்து வண்டிக்காரன் திரும்பிப் பார்க்கிறான். சாயங்காலம் வீட்டுக்கே திரும்பிவிடுவதால் எங்கள் இடப்பெயர்ச்சி பூஜ்யமாம், அதையும் நீதான் சொன்னாய். அப்படியென்றால் நாங்கள் எங்கேயும் போகவில்லை, டயர் மட்டும் தனியாகப் போய்த் தேய்ந்து வந்திருக்கிறது, அப்படித்தானே? பெட்ரோல் பங்கில் வந்து உன் பூஜ்யத்தைச் சொல்லேன், என்ன ஊற்றுகிறான் பார்க்கலாம்! வண்டியோ இப்போது இருமுகிறது. அது என்றைக்கு நிற்கிறதோ அன்றைக்கு உன் அக்காவின் வேலையும் போகும். எனக்கு அந்தப் பயம்தான்.

ஆகவே வருகிற ஞாயிற்றுக்கிழமை நீயே வந்து வேறு வீடு பார்க்க வேண்டும். விரலால் அல்ல, காலால். ஆலைவரை நடந்துவிட்டு வந்து பேசு. மாடியிலிருந்து பீரோவையும் நீயே இறக்க வேண்டும். ஜன்னல் வழியாக நேராக இறக்கினால் கிட்டே என்று ஆரம்பித்தால் உன்னையும் சேர்த்து இறக்கிவிடுவேன்.

உன் மனைவியைக் கேட்டதாகச் சொல்லவும். பிள்ளைகளுக்கு என் ஆசிகள். அவர்களாவது வேறு வாத்தியாரிடம் படித்து நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் நேர்கோட்டில் மாட்டிக்கொண்ட
அக்கா புருஷன்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்கு முன் உன் அக்கா வாங்கிப் படித்துவிட்டாள். யார்டுக்கு அடியில் நடந்து போகிற சுரங்கப்பாதை இருக்கிறதாம், படிகூட இல்லை, சரிவுதானாம். தெருவில் எல்லாரும் அதில்தான் போகிறார்களாம். கூட வேலை செய்கிறவள் போன மாதமே காட்டிவிட்டாளாம். "அடிப்பாவி, தெரிஞ்சும் ஏன் சொல்லலை?" என்று கத்தினேன். "சொல்லியிருந்தா வண்டியில கூட்டிட்டுப் போவீங்களா? வீட்டுல பேப்பருக்குப் பின்னாடியே இருக்கீங்க. அந்த நாலு கிலோமீட்டர்லதான் எங்கிட்ட வாயைத் திறந்து பேசறீங்க. என் தம்பியைத் திட்டறதா இருந்தாலும் பரவாயில்லைன்னு உட்கார்ந்திருக்கேன்" என்றாள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, அதை அவளிடம் காட்டிக்கொள்ளவில்லை. நீ ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம். வீடும் பார்க்க வேண்டாம். ஸ்கூட்டரின் பின் சீட்டுக்கு நல்ல மெத்தை உறை எங்கே கிடைக்கும் என்று மட்டும் விசாரித்து எழுது.