எட்டரை வேண்டாம் என்ற மாமியும் என் டர்போ காரும்

ஓர் எஞ்சினுக்குக் கொம்ப்ரஷன் எவ்வளவு வைப்பது என்று மாமியாரிடம் கேட்கக்கூடாது. நான் கேட்கவில்லை. இதை எத்தனையோ தரம் சொல்லிவிட்டேன், ஒருவரும் நம்புவதாக இல்லை. ஆகவே எழுதியே வைத்துவிடுகிறேன்: நான் கேட்கவேயில்லை.

எங்கள் மட்டக்களப்புப் பக்கத்தில் கலியாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போகவேண்டும். வீடு அவளுடையது. வளவும் அவளுடையது. வட்டையில் வயல் இருந்தால் அதுவும் அவளுடையது. நம்மாள் ஒரு சூட்கேசோடு போய் நிற்பார். தன்னாமுனையிலிருந்து குருக்கள்மடத்துக்கு அப்படிப் போக என் ரோஷம் இடம் கொடுக்கவில்லை. அதற்காகத்தான் ஒரு பழைய ஜப்பான் காரை வாங்கி, எஞ்சினைப் பிரித்து, டர்போ பூட்டத் தொடங்கினேன். என் கையால் செய்த காரை நானே ஓட்டிப்போய் மாமாவின் வாசலில் நிறுத்தவேண்டும். "மருமகன் வெறுங்கையோட வந்தவரு" என்று ஒருத்தர் வாய் திறக்கக்கூடாது. (முன் பம்பரைக் கம்பியால் கட்டியிருந்தேன். அது கிட்ட வந்து பார்த்தால்தான் தெரியும்.)

கொம்ப்ரஷன் ஒன்றும் பெரிய வித்தையில்லை. சிலிண்டருக்குள் வரும் காற்றையும் பெற்றோலையும் பிஸ்டன் எத்தனை மடங்கு நெருக்குகிறது என்ற கணக்கு, அவ்வளவுதான். டர்போ என்பது காற்றை முதலே திணித்து அனுப்புகிற சாமான். வயிறு முட்டத் தின்றவனுக்கு மேலும் ஊட்டலாமா? ஆகவே டர்போ பூட்டினால் நெருக்குவதைக் குறைக்கவேண்டும். கூட்டினால், தீப்பொறி வருமுன்னே பெற்றோல் தன்பாட்டில் வெடித்துப் பிஸ்டனை உடைக்கும். எட்டரைக்கு ஒன்று என்பது என் முடிவு. கண் சிவக்க வீடியோ பார்த்து எடுத்த முடிவு. ஏறாவூரில் கராஜ் வைத்திருந்த ஹனீபா நானாவும் "எட்டரைதான் சரி தம்பி" என்றார். அவர் எல்லோருக்கும் எல்லாமே சரி என்கிறவர் என்பது எனக்கு அப்போது தெரியாது.

கலியாணத்துக்குப் பலகாரம் சுடத் தொடங்கிய ஒரு பின்னேரம், நான் குருக்கள்மடத்தில் மாமியின் குசினியில் முறுக்குத் தட்டு ஏந்தி நின்றேன். ஹனீபா நானாவின் அழைப்பு வந்தது. கை இரண்டும் எண்ணெய். பெண் சுமதிதான் போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"தம்பி, பிஸ்டனுக்கு ஓடர் சொல்லப் போறன். எட்டரைதானே?"

சட்டிக்குள் கிளறிக்கொண்டிருந்த மாமியின் கரண்டி நின்றது. "என்ன மனே எட்டரை?"

"எஞ்சினுக்கு மாமி. கொம்ப்ரஷன்."

"எட்டா? சனியன்ட நம்பரையா கலியாணக் காருக்குள்ள வைக்கப் போறீங்க? கேட்டியாகா சுமதி?"

"வெளியில தெரியாது மாமி, உள்ளுக்குத்தான்."

"உள்ளுக்கெண்டா இன்னும் மோசம்."

போனுக்குள் இருந்து ஹனீபா நானா சமாதானத்துக்கு வந்தார். "அப்ப குறைச்சு ஏழரை போடுவமா அக்கா?"

"ஏழரையா! ஏழரைச் சனியன நாமளே கூட்டி வந்து குந்த வைக்கிறதா?"

"எட்டேமுக்கால்?" என்றேன் நான், உயிரைப் பிடித்துக்கொண்டு.

"அதும் எட்டுத்தான். ஒன்பது நல்ல நம்பர். ஒன்பதரை போடச் சொல்லுங்க."

"அதுவும் சரிதான் அக்கா" என்றார் ஹனீபா நானா.

அடப் பாவி மனிசா! நான் எதிர்த்திருக்கலாம் என்று இன்றைக்கு எல்லோரும் சொல்கிறார்கள். கொதிக்கிற எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்தில் கரண்டியோடு நிற்கிற பெண்ணின் தாயை எந்த மாப்பிள்ளை எதிர்ப்பான்? சுமதியோ சிரிப்பை அடக்க முறுக்கைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

ஒன்பதரைக்கும் ஒரு வழி இருந்தது. தன்பாட்டில் லேசில் வெடிக்காத தொண்ணூற்றைந்து ஒக்டேன் பெற்றோல் அடித்து, மிதியாமல் மெல்ல ஓட்டினால் தப்பலாம். கலியாணத்தன்று காலை காரைக் கழுவக் கொண்டுபோன சுமதியின் தம்பி கபிலன், மலிவான தொண்ணூற்றிரண்டை நிரப்பிக்கொண்டு வந்தான். பெற்றோல் செட்டில் தொண்ணூற்றைந்து முடிந்துவிட்டதாம். இதை அவன் எனக்குச் சொன்ன இடம் கல்லடிப் பாலம்.

"பெற்றோல் பெற்றோல்தானே மச்சான்?"

பட்டு வேட்டியும் தலைப்பாகையுமாக நான் பெண் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டிருந்தேன். (தலைப்பாகை கூரையில் முட்டியதால் கழுத்தைச் சரித்தபடி.) என் ஆட்கள் வந்த வான் முன்னால் போய்விட்டது. நானும் பொறுமையாகத்தான் போனேன். காத்தான்குடிப் பிரதான வீதியில் மெத்தை ஏற்றிய ஓர் ஓட்டோ எங்களை முந்தியது. முந்தினால் முந்திவிட்டுப் போகட்டும், அதன் சாரதி என்னைப் பார்த்துக் கையையும் காட்டினான்.

"மச்சான், ஓட்டோ முந்திற்றான்!" என்றான் கபிலன், மானம் போனவன் போல.

மிதித்தேன். டர்போ விசிலடித்தது. அடுத்த கணம், தகர டின்னுக்குள் கல்லைப் போட்டுக் குலுக்கிய மாதிரி ஒரு சத்தம். பிறகு "டமார்". புகை. வீதி நடுவிலுள்ள பேரீச்ச மரத்தடியில் கார் நின்றது, நின்றதுதான். சுற்றிக் கூடிய சனம் முழுவதும் பொனட்டுக்குள் தலையை விட்டது. பெட்டரியாக இருக்கும் என்றார் ஒருவர். கண்ணூறு என்றார் இன்னொருவர். முகூர்த்தத்துக்கு நேரம் நெருங்குகிறது, எனக்கோ அழுகை முட்டுகிறது, இவர்களுக்குப் பெட்டரி!

அந்நேரம்தான் கல்முனை பஸ் வந்தது. சனம் அதை மறித்து என்னை ஏற்றிவிட்டது. "மாப்பிள்ளைக்கு இடம் விடுங்க!" என்று கத்தினார் கொண்டக்டர். ஒரு பெண் எழுந்து என் தலைப்பாகையைச் சரி செய்துவிட்டார். ஆரையம்பதியில் இறங்கவேண்டியவர்கள்கூட "நேரம் போகுது, மாப்பிள்ளைய முதல் எறக்குங்க" என்று இறங்காமல் இருந்துவிட்டார்கள். சாரதி வழிநெடுக ஹோர்னிலிருந்து கையை எடுக்கவில்லை. அந்தச் சத்தத்துக்குக் கலியாண வீடு முழுவதும் படலைக்கு வந்துவிட்டது. ஆலாத்தித் தட்டோடு நின்றவர்கள் எனக்குச் சுற்றினார்கள். பிறகு, யாரோ சொல்ல, பஸ்ஸுக்கும் சுற்றினார்கள்.

"மருமகன், கார் எங்க?" என்றார் மாமா.

நான் வாய் திறக்குமுன் கொண்டக்டர் சொன்னார்: "காத்தான்குடில வெடிச்சுப் போயிற்று ஐயா."

மாமி நெஞ்சில் கை வைத்தார். "பாத்தீங்களா? ஒன்பதரை போட்டதால உசிர் தப்பிச்சிது. எட்டரை போட்டிருந்தா?"

கேட்டீர்களா நியாயத்தை? அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. ஐயர் அவசரப்படுத்தியதால் சொல்லவில்லை. இன்றுவரை மாமி சொல்லவிடவில்லை.

அன்றிலிருந்து பஸ்காரர்களுக்கு எங்கள் வாசல் "மாப்பிள்ளை ஹோல்ட்" என்ற பஸ் தரிப்பிடம். அதற்கு முன் அங்கே பஸ் நின்றதேயில்லை. கொண்டக்டர்கள் மாறிவிட்டார்கள், பெயர் மாறவில்லை. போன கிழமை நான் கோயிலடியில் இறங்கப் பார்த்தேன். புதுப் பொடியன் ஒருவன், "அங்க நிக்காது அண்ணன், மாப்பிள்ளை ஹோல்ட்ல எறங்குங்க" என்று என்னையே அதட்டினான். என்னோடு இறங்கிய முன்பின் தெரியாத பெரியவர் ஒருவர், "ஏன் தம்பி இதுக்கு இப்பிடிப் பேரு?" என்று கேட்டார்.

"தெரியாது" என்றேன்.

படலையடியில் நின்ற மாமிக்கு அது கேட்டுவிட்டது. "வாங்க ஐயா, உள்ளுக்கு வந்து இரிங்க, தேத்தண்ணி குடிச்சிக்கிட்டே கேளுங்க. நான் சொல்றன்" என்றார்.