இருபத்து நாலு ஸ்பூனும் ஒரு தோல் லேசும்

எனக்குத் தைரியம் அதிகம் என்று வெளியில் ஒரு பேர் இருக்கிறது. சுத்தப் பொய். மற்றவர்களுக்குப் பயம் வந்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். எனக்குப் பயம் வந்தால் நாக்கு தானாகப் புரண்டு, "தெரியும் சார்" என்று சொல்லிவிடும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு நடப்பவை.

அப்போது நான் ஆம்பூருக்குப் பக்கத்தில் ஒரு கம்பெனியில் ட்ரெயினி. தோல் பதனிடுவதும் ஷூ தைப்பதும் ஒரே காம்பவுண்டுக்குள். எனக்கு டிரம் செக்‌ஷன். (டிரம் என்றதும் கல்யாண ஊர்வலம் ஞாபகம் வந்தால் மறந்துவிடுங்கள். ஓர் அறை அளவுக்கு மரப்பீப்பாய். தோல், தண்ணீர், கெமிக்கல் எல்லாம் கொட்டி மணிக்கணக்கில் சுற்ற விடுவோம்.) அந்த ஷெட்டில் நான் ஒருத்திதான் பெண். ஆறு மாத புரொபேஷன் அந்தச் சனிக்கிழமை முடிகிறது. "பொண்ணுங்களுக்கு டிரம்மு ஒத்து வராதும்மா, பேக்கிங்குக்குப் போய்டு" என்று மேனேஜர் வாரம் ஒரு முறை சொல்லிக்கொண்டிருந்தார். முதலாளி மட்டும் இன்னும் வாய் திறக்கவில்லை. அவர் சொல்வதுதான் முடிவு.

வெள்ளிக்கிழமை காலை முதலாளியே கூப்பிட்டு அனுப்பினார். கையைத் துடைத்துக்கொண்டே ஓடினேன்.

"எஸ்தர், கெஸ்ட் ஹவுஸ்ல புதுசா டிஷ்வாஷர் வாங்கிப் போட்டிருக்கேன். போன தபா ஷூ வாங்க வந்த பையருக்கு வயிறு கெட்டுப் போய் ஒரே பேஜார். இன்னிக்கி இத்தாலிலேர்ந்து ஒரு அம்மா வர்றாங்க. நீ மிஷினு படிச்ச பொண்ணு. ஓட்டத் தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

பார்த்தீர்களா?

டிஷ்வாஷரை நான் விளம்பரத்தில்கூட முழுசாகப் பார்த்ததில்லை. பள்ளிகொண்டாவில் எங்கள் வீட்டில் மொத்தமே ஆறு ஸ்பூன், அதில் ஒன்று மருந்துக்கு. மிஷினோடு வந்த புத்தகத்தை முதலாளி வாரன்ட்டி கார்டோடு சேர்த்து பீரோவில் பூட்டி வைத்திருந்தார். போய்க் கேட்டால், தெரியாது என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். பிறகு பேக்கிங்தான்.

கெஸ்ட் ஹவுஸ் சமையல்காரர் ஷபீர் பாய் மிஷினிலிருந்து நாலடி தள்ளியே நின்றார். "கரன்ட்டும் தண்ணியும் ஒண்ணா இருக்கிற எடத்துல நான் கை வெக்க மாட்டேம்மா" என்று கறாராகச் சொல்லிவிட்டார். காலையில் ஏஜென்டுகள் சாப்பிட்ட பிரெட் அல்வா தட்டுகளும், இருபத்து நாலு ஸ்பூனும், அதே அளவு ஃபோர்க்கும் பிசுபிசுவென்று குவிந்திருந்தன. அந்த வீட்டில் இருந்ததே அந்த ஒரு செட்தான். மதியம் ஒரு மணிக்கு அதே செட் மேஜைக்குப் போயாக வேண்டும்.

கதவைத் திறந்து பார்த்தேன். எனக்குத் தெரிந்த மிஷின் ஒன்றே ஒன்று. ஆகவே இதுவும் சுற்றும் என்று முடிவு செய்தேன். தட்டு, கூடை, எல்லாம் சேர்ந்து கிறுகிறுவென்று சுற்றும். ஸ்பூன்கள் பறந்துபோய் முதலாளியம்மாவின் பீங்கான் தட்டுகளைத் தூள் தூளாக்கும். ஸ்பூன்களைப் பறக்க விடக்கூடாது. ஒன்றின் குழிக்குள் ஒன்றாக அடுக்கி, எட்டெட்டாகச் சேர்த்து, டெஸ்டுக்காகக் கோட் பாக்கெட்டில் கிடந்த தோல் ஷூ லேசைத் துண்டுகளாக வெட்டி இறுக்கிக் கட்டினேன். ஃபோர்க்குகளுக்கும் அதே மரியாதை. கட்டுகளைக் கூடையில் திணித்து பட்டனை அழுத்தினேன். பல பட்டன்களில் எது என்று தெரியாததால் பெரிய பானை படம் போட்டதை அழுத்தினேன். (சோப்புப் பவுடர் எவ்வளவு என்று தெரியாமல் தட்டுகளை எடை போட்டு, டிரம்மில் தோல் எடைக்குக் கெமிக்கல் போடுவதைப்போல பர்சென்ட் கணக்குப் பார்த்ததை என் எதிரிகளுக்குக்கூடச் சொல்வதில்லை.)

ஐந்து நிமிடம் அமைதி. பிறகு உள்ளேயிருந்து, டக். டக். டக்.

"உடையுது" என்றார் ஷபீர் பாய்.

ஓடும் டிரம்மைத் திறக்கக் கூடாது என்பது எங்கள் ஷெட்டில் முதல் நாள் பாடம். திறந்தால் கொதிநீர் மேலே கொட்டும் என்று நம்பி, கதவில் முதுகை அழுத்திக்கொண்டு நின்றேன். டக் டக் நிற்கவில்லை. ஒவ்வொரு டக்குக்கும் ஒரு தட்டு என்று மனசு கணக்குப் போட்டது. அந்தப் பக்கம் ஷபீர் பாய் துஆ ஓத ஆரம்பித்தார். இந்தப் பக்கம் நான், "ஆண்டவரே, தட்டுங்களைக் காப்பாத்தும்" என்று ஜெபித்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு உருக்கமாக அதற்கு முன் ஜெபித்ததில்லை. வாசலில் கார் வந்து நின்ற சத்தம் கேட்டதும் கதவை இன்னும் அழுத்திக்கொண்டேன்.

மிஷின் நின்றது. திறந்தேன். ஒரு தட்டும் உடையவில்லை! கூடையின் அடியில் நீட்டிக்கொண்டிருந்த ஒரு ஃபோர்க்கில், தண்ணீர் பீய்ச்சும் கை இடித்துக்கொண்டு இருந்திருக்கிறது. அது மட்டும்தான் அங்கே சுற்றும் என்பது அப்போதுதான் தெரிந்தது. சந்தோஷத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அந்தச் சந்தோஷம் கட்டை அவிழ்க்கப் போகும் வரைக்கும்தான். தோல் எத்தனை டிகிரி சூட்டில் சுருங்கும் என்று சோதித்து எழுதுவது என் தினசரி வேலை. குரோம் உப்புப் போடாமல் பதனிட்ட அந்த லேஸ் எழுபது டிகிரிக்கு மேல் தாங்காது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவளே நான்தான். பானை பட்டனின் சூட்டில் அது பாதியாகச் சுருங்கி, ஸ்பூன்களை இரும்புப் பூட்டாகப் பிடித்திருந்தது. இடுக்கில் அல்வா அப்படியே இருந்தது. மேலே தோல் சாயம் வேறு. முடிச்சு அசையவில்லை. ஷபீர் பாய் எலும்பு வெட்டும் கத்தியை எடுத்து வருவதற்குள் முதலாளி உள்ளே வந்துவிட்டார். பின்னாலேயே இத்தாலி அம்மா.

"இன்னாம்மா இது?"

இத்தாலி அம்மா ஒரு கட்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. அது அவருக்காகச் செய்த ஷூவின் சாம்பிள் லேஸ். அவர் இழுத்துப் பார்த்தார். லேஸ் அறவில்லை. ஏன் கட்டினாய் என்று இங்கிலீஷில் கேட்டார். இனி இழக்க ஒன்றுமில்லை என்று தோன்றியதும், வாழ்க்கையில் முதல் முறையாக, "எனக்கு இந்த மிஷின் ஓட்டத் தெரியாது. இது டிரம் மாதிரி சுற்றும் என்று நினைத்தேன்" என்று சொல்லிவிட்டேன்.

அந்த அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். முதலாளி சிரிக்கவில்லை. "ஆம்பூர் பிரியாணிய கையாலதான் சாப்பிடணும்" என்று விருந்தாளியிடம் சமாளித்து மேஜைக்கு அழைத்துப் போனார். அவரும் கையாலேயே இரண்டு தட்டு சாப்பிட்டார். ஷூவுக்கு ஆர்டர் கொடுத்தார். லேசை மட்டும் வேறு எங்கேயோ வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. சனிக்கிழமை ஆபீஸில் கொடுத்த கவரைப் பிரித்தபோது, கன்ஃபர்மேஷன் லெட்டரின் அடியில் முதலாளி தன் கைப்படவே எழுதியிருந்தார்: "டிரம் செக்‌ஷனில் நிரந்தரம். கிச்சனுக்குள் காலடி எடுத்து வைக்கக் கூடாது." உடை மாற்றும் அறையில் போய் ஓவென்று அழுதேன். பேக்கிங் இல்லை!

கல்யாணத்துக்குப் பிறகு என் கணவர் அந்த லெட்டரை பிரேம் போட்டு சிங்குக்கு மேலே மாட்டிவிட்டார். போன மாதம் நாட்றம்பள்ளியிலிருந்து வந்த அவருடைய அக்கா, "இன்னாடா, நீ போய் பாத்திரம் வெளக்கிட்டிருக்க?" என்று அதிர்ந்துபோய்க் கேட்டார். இவர் சோப்புக் கையால் பிரேமைக் காட்டி, "மேலிடத்து ஆர்டர்க்கா" என்றார். நான் ஹாலில் பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சிரிப்பு வெளியே தெரிந்து, ஆர்டர் கேன்சலாகிவிடுமோ என்று ஒரே பயம்.